பின்னாடி பார்க்கலாம்

"எந்த வழியில போறது, குருசாமி?"

வைரவன் இதைக் காரைக்குடியில் கேட்டார். விமானத்தில் கேட்டார். பெரு நாட்டின் குஸ்கோ ஊரில் மூச்சு வாங்க உட்கார்ந்து கொக்கா இலைத் தேநீர் குடித்தபோது கேட்டார். ரயிலில் கேட்டார். இப்போது மச்சு பிச்சு மலையின் அடிவாரத்து ஊரில், மறுநாளைக்கான நுழைவுச் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றுகொண்டு கேட்கிறார்.

குருசாமி பொட்டலத்திலிருந்து வறுத்த சோளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பு சரியா இருக்கு" என்றார்.

அவரிடம் கேள்வி கேட்டால் இதுதான் தொல்லை. கேட்டவுடன் பதில் வராது. பதில் வரும்போது கேட்டவருக்குக் கேள்வி மறந்துபோயிருக்கும்.

குருசாமிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சண்முகநாதன். காரைக்குடிப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். தை மாதம் பிறந்தால் கடையைப் பூட்டிவிடுவார். பழனிக்கு நடந்து போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த நடையில் அவர்தான் குரு. வைரவன் அவருடைய சீடர். சீடருக்கு அறுபத்தெட்டு வயது, குருவுக்கு அறுபத்தொன்று. ஆகவே சீடர் குருவைக் "குருசாமி" என்பார். குரு சீடரை "அண்ணே" என்பார். கேட்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். அவர்களுக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

குழுவில் நூறு பேர் நடந்தாலும் குருசாமி கடைசி ஆளாகத்தான் வருவார்.

"தலைவர் முன்னாடி போக வேண்டாமா?" என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள்.

"முன்னாடி போறவனை முருகன் பார்த்துக்குவான்" என்றார் குருசாமி. "பின்தங்குறவனுக்குத்தான் ஆள் வேணும்."

வைரவன் அரசுப் பேருந்தில் முப்பத்து மூன்று வருஷம் நடத்துநராக இருந்தவர். "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று சொல்லியே பாதி ஊரை உள்ளே தள்ளியவர். "பின்னாடி வண்டி காலியா வருது" என்று சொல்லியே மீதி ஊரை இறக்கிவிட்டவர். பின்னாடி வண்டி காலியாக வந்ததா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

நடையிலும் அவர் அப்படித்தான். வேட்டியை மடித்துக் கட்டினார் என்றால் அடுத்த சத்திரத்தில்தான் நிற்பார். இருபது முப்பது அடி பின்னால் துணிப்பையைச் சுமந்துகொண்டு அவர் மனைவி உமையாள் வருவாள். தினமும் விடியற்காலை கிளம்பும்போது அவள் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்.

"நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி வர்றேன்."

முப்பத்தொரு தை மாதம் இந்த வாக்கியம் மாறவில்லை.

அவர்கள் வீட்டு அடுப்படியில் ஒரு காலண்டர் தொங்கியது. பாத்திரக் கடைக்காரர் கொடுத்தது. மாதத்துக்கு ஓர் அதிசயம் என்று பன்னிரண்டு படங்கள். செப்டம்பர் மாதத்துக்கு மச்சு பிச்சு வந்தது. மேகத்துக்குள் ஒரு மலை, மலையின் மடியில் கூரை இல்லாத கல் வீடுகள். அக்டோபர் பிறந்தது. உமையாள் தாளைத் திருப்பவில்லை. புது வருஷம் பிறந்தது, புதுக் காலண்டர் கூடத்துக்கு வந்தது. அடுப்படியில் மட்டும் பதினொரு வருஷம் செப்டம்பராகவே இருந்தது.

"இந்த மலைக்கு ஒருக்கப் போவோமா?" என்று கேட்பாள்.

"பின்னாடி பார்க்கலாம்" என்பார் வைரவன்.

அது மறுப்பு இல்லை. கோபமும் இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிப்பது, மகள் வள்ளியம்மையின் கல்யாணம், கொல்லையில் தென்னம்பிள்ளை வைப்பது என எல்லாவற்றுக்கும் அவர் அதைத்தான் சொன்னார். பலதை முடித்தும் கொடுத்தார். மலை மட்டும் நின்றுபோயிற்று.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் உமையாள் போய்ச் சேர்ந்தாள். வாழ்நாளில் அவள் அவருக்கு முன்னால் போனது அந்த ஒருதடவைதான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் வள்ளியம்மை இரண்டு பேருக்கும் பயணச்சீட்டு அனுப்பினாள். "குருசாமி கூட வந்தா அனுப்புறேன். தனியா விடமாட்டேன்பா" என்றாள். அப்படித்தான் ஒரு நடத்துநரும் ஒரு முடிதிருத்துநரும் பாதி உலகம் தாண்டி இந்த வரிசையில் வந்து நின்றார்கள்.

இங்கே வந்தபிறகுதான் சிக்கல் தெரிந்தது.

அந்த மலைநகரத்தில் நினைத்தபடி நடக்க முடியாது. வழிகளை வகுத்து வைத்திருக்கிறார்கள். மேல்வழியில் போனால் உச்சியில் நின்று நகரம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். ஆனால் நகரத்துக்குள் காலை வைக்க முடியாது. கீழ்வழியில் போனால் வீடுகளுக்கு நடுவே நடக்கலாம். ஆனால் அந்த முழுக் காட்சி கிடைக்காது. இரண்டையும் தொட்டுப் போகிற வழியும் உண்டு. அதன் சீட்டுகள் தீர்ந்து மாதக்கணக்கு ஆகிறது. மிஞ்சியவை இந்த இரண்டு. எதை எடுத்தாலும் ஒருவழிப் பாதை. முன் வைத்த காலைப் பின்வைக்கக் கூடாது என்று நம்மூரில் வீரத்துக்குச் சொல்வார்கள். இங்கே அதைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒரு நுழைவு. அதற்கு மறுநாள் ஊர் திரும்ப வேண்டும்.

"தப்பான வழியை எடுத்துட்டேன்னு வைங்க, குருசாமி" என்றார் வைரவன். "அவ ஒண்ணைப் பார்க்க நினைச்சிருப்பா, நான் வேற ஒண்ணைப் பார்த்துட்டு வந்து நிப்பேன். இன்னொருக்க வரமுடியுமா? எனக்கு வயசு இருக்கா?"

வரிசை நகர்ந்தது. முன்னால் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.

"மேல்வழிதான்னு தோணுது. காலண்டர்ல இருக்கிறது மேலேருந்து எடுத்த படம்தானே? அவ பார்த்தது அதைத்தானே?"

"எடுங்க பார்ப்போம்" என்றார் குருசாமி.

வைரவன் சட்டைக்குள்ளிருந்து செப்டம்பர் மாதத்தை எடுத்தார். நான்காக மடித்து பாலித்தீன் உறையில் வைத்திருந்தார். பிரித்தபோது அடுப்படி வாசனை வந்தது. தாளிப்பும் புகையும் சாம்பிராணியும் கலந்த வாசனை. வைரவன் ஒரு நொடி மூக்கருகே வைத்துக்கொண்டார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாகரிகம் தெரிந்தவள்.

"அக்கா இதுல எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவாங்க?" என்று கேட்டார் குருசாமி.

வைரவன் யோசித்தார். அவள் காட்டியிருக்கிறாள். பல நாள் காட்டியிருக்கிறாள். அவர் கூடத்தில் செய்தித்தாள் படித்தபடி "ம்" கொட்டியிருக்கிறார்.

"தெரியலையே" என்றார்.

குருசாமி சோளத்துக்குத் திரும்பினார்.

வைரவன் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உச்சி சுத்தமாக இருந்தது. மேகம் சுத்தமாக இருந்தது. கீழே, வீடுகளின் கூட்டத்தில், ஒரே ஒரு வீட்டின் மேல் மஞ்சளாக ஒரு கறை. விரல் நுனி அளவு. அவர் அந்தக் கறையை முன்பே பார்த்திருக்கிறார். "நல்ல படத்துல மஞ்சக் கையை வச்சு வச்சுக் கெடுத்துட்ட" என்று கடிந்துகொண்டும் இருக்கிறார். அவள் அதற்கு என்ன சொன்னாள்?

சொன்னது இப்போது காதில் விழுந்தது. "இந்த வீட்டுல அடுப்பு இந்த மூலையிலதாங்க இருந்திருக்கும். மலைக்காத்து இந்தப் பக்கம் அடிக்காது பாருங்க."

முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர் எந்த வழி என்று கேட்டார். வைரவன் கையைத் தாழ்த்திக் காட்டினார்.

"கீழ" என்றார் தமிழில். அவருக்குப் புரிந்தது.

காலையில் பேருந்து மலையில் வளைந்து வளைந்து ஏறியது. வைரவன் ஜன்னலோரம் உட்கார்ந்து தொழில் கண்ணோடு பார்த்தார். "நடத்துநர் இல்ல. ஆனா நல்ல ஓட்டுநர்" என்று தீர்ப்புச் சொன்னார். வாசலில் சீட்டைச் சரிபார்த்த பெண்ணின் வேகத்தையும் மெச்சினார்.

வழிகாட்டியாக வந்தவள் நில்டா. நாற்பது வயது இருக்கும், இரட்டைப் பின்னல், தொப்பி. அந்த மலைக்காரி. அவர்கள் இருவரோடு வேறு நாலு பேரும் அவள் பொறுப்பில் இருந்தார்கள். அவள் ஆங்கிலத்தில் பேசினாள். குருசாமிக்குக் கடையில் வெளிநாட்டுக்காரர்களின் தாடியை ஒதுக்கிக் கற்றுக்கொண்ட ஆங்கிலம் இருந்தது.

வாசலைத் தாண்டியதும் நில்டா எல்லோரையும் நிறுத்தி ஒரு வார்த்தை சொன்னாள். "ஞவ்பா."

அது அவர்களுடைய கெச்சுவா மொழியில் ஒரு சொல். கண்ணுக்கு நேரே இருப்பதற்கும் அதே சொல், நடந்து முடிந்த காலத்துக்கும் அதே சொல். நடந்தது தெரியும், ஆகவே அது கண்ணுக்கு நேரே நிற்கிறது. வரப்போவது தெரியாது, ஆகவே அது முதுகுக்கு அந்தப் பக்கம். நால்வரும் வாயைப் பிளந்தார்கள். ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டார் வைரவன்.

"முன்னாடி இருக்கிறதுக்கும் முன்னாடி நடந்ததுக்கும் இவங்க பாஷையில ஒரே வார்த்தையாம்."

"அதுல என்ன இருக்கு? நாம வேற எப்படிச் சொல்றோம்?"

குருசாமி ஒரு கணம் நின்றார். "அட, ஆமா" என்று சிரித்துவிட்டார்.

எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று நில்டா கேட்டாள். அவர் விளக்கினார். அவள் இருவரையும் புதிதாய் வந்த சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "முன்னாதி" என்று சொல்லிப் பழகினாள்.

பாதை தொடங்கும் இடத்தில் குருசாமி துணிப்பையைத் தூக்கி வைரவனிடம் கொடுத்தார். தண்ணீர்ப் புட்டி இரண்டு, மழைச்சட்டை இரண்டு, செப்டம்பர் மாதம் ஒன்று.

"பையை நீங்க வச்சுக்கங்க. நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடி வாங்கண்ணே" என்றார்.

வைரவன் திகைத்தார். குருசாமி முன்னால் நடந்து அவர் பார்த்ததே இல்லை. சரி, புது ஊர், புது வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

குருசாமி நடந்தார். நடந்தார் என்றா சொல்வது? பழனி மலைப்படியில் பஞ்சாமிர்தம் தீரப்போகிறது என்று கேள்விப்பட்டவரைப் போலப் போனார். கல் படிகள் ஒன்றுக்கொன்று உயரம் வேறு. பை வைரவனின் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. நில்டாவும் மற்ற நால்வரும் பின்தங்கிவிட்டார்கள்.

முதலில் ஒரு சுவர் வந்தது. வைரவன் நின்றுவிட்டார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பேருந்துச் சீட்டுகூட நுழையாது.

"குருசாமி! இதைப் பாருங்க. சுண்ணாம்பு இல்ல, சிமெண்டு இல்ல!"

"பின்னாடி பார்க்கலாம்ணே" என்று குரல் வந்தது. தலை திரும்பவில்லை.

அப்புறம் தண்ணீர் வந்தது. கல்லில் வெட்டிய விரல் அகல வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு விழுந்துகொண்டிருந்தது. ஊரைக் கட்டியவர்கள் போய் ஐந்நூறு வருஷம் ஆயிற்று. தண்ணீருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"குருசாமி, இன்னும் ஓடுது பாருங்க! நம்ம ஊருணியெல்லாம்..."

"பின்னாடி பார்க்கலாம்."

வைரவனுக்குச் சுருக்கென்றது. அழகான ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொல்ல ஆள் இல்லாமல் நிற்பது பசியைவிட மோசமாக இருந்தது. அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். முன்னால் குருசாமியின் பிடரி மட்டும் தெரிந்தது. ஊருக்கெல்லாம் பிடரி ஒதுக்குகிறவரின் பிடரியில் முடி கன்னாபின்னாவென்று வளர்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அதை வைரவன் இப்போதுதான் பார்க்கிறார்.

ஒரு திருப்பத்தில் பிடரியும் மறைந்தது.

அங்கே இடது பக்கத்தில் அந்த வீடு இருந்தது.

கூரை இல்லை. முக்கோணமாக உயர்ந்த இரண்டு சுவர்கள், ஒரு வாசல், சுவரில் வரிசையாக மாடங்கள். வைரவன் காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தார். அதே வீடா என்று சத்தியம் செய்ய முடியாது. மாடங்களைப் பார்த்தார். அதுதான் என்று வைத்துக்கொண்டார். அதற்குள் நில்டா வந்து சேர்ந்துவிட்டாள். அவர் தாளைக் காட்டினார். மஞ்சள் கறையைக் காட்டினார். கன்னத்தை உப்பவைத்து, நெருப்பை ஊதுவதுபோல ஊதிக் காட்டினார்.

நில்டா புரிந்துகொண்டாள். ஒரு மூலையைக் காட்டி அவளும் ஊதினாள். பிறகு கையை விரித்தாள். இருக்கலாம், யாருக்குத் தெரியும் என்பது அதற்குப் பொருள். மற்றவர்களை எதிர்பார்த்துத் திருப்பத்துச் சுவரின் மறைவில் போய் நின்றாள்.

வைரவன் அந்த மூலைக்கு நேரே நின்றார். கீழே பள்ளத்தாக்கிலிருந்து காற்று சுழன்று வந்து அவர் வேட்டியை அடித்தது. மூலையில் முளைத்திருந்த புல் அசையவில்லை.

"காத்து அடிக்கலை உமையா" என்றார். "நீ சொன்னது சரி."

சொல்லிவிட்டுத் திரும்பினார். பின்னால் ஆள் இல்லை. முன்னாலும் இல்லை. பெண்புத்தி பின்புத்தி என்று அவளை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். "ஆமா, பின்னால வரப்போறதை இப்பவே பார்க்கிற புத்தி" என்பாள். அந்தப் பதிலுக்காகவே கேலி செய்வார்.

கால்கள் தாமாக நடந்தன. நாலு படி இறங்கி, ஒரு சந்தைக் கடந்தபிறகுதான் நினைவு வந்தது. வாசலில் ஒரு தடவை நிற்காமல் வந்துவிட்டோமே. அந்த வாசலில் நின்றால் அவள் நின்ற மாதிரி இருக்கும். வைரவன் திரும்பினார். ஒரு படி ஏறினார்.

விசில் அடித்தது.

ஒற்றை விசில். வைரவனின் கால் நட்டுவைத்ததுபோல நின்றது. முப்பத்து மூன்று வருஷம் ஒற்றை விசிலுக்குப் பேருந்தை நிறுத்தியவர் அவர். மேலே காவலர் ஒருவர் கையை நீட்டி வழியைக் காட்டினார். முன்னே போ. வந்த வழி கிடையாது.

"ஒரே நிமிஷம் சார். அந்த வாசல்ல..."

இரண்டு விசில். போகலாம், ரைட்.

வைரவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சட்டம் சட்டம்தான். படிக்கட்டில் தொங்கிய எத்தனை பேரை இப்படி இவரே விரட்டியிருக்கிறார்!

சந்து முடியும் இடத்தில் ஒரு கல்லில் குருசாமி உட்கார்ந்திருந்தார். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் வைரவனுக்கு அதுவரை அடக்கியது எல்லாம் பொங்கிவிட்டது. பையைக் கீழே போட்டார்.

"என்ன மனுஷன் நீங்க? கூப்பிடக் கூப்பிடப் போறீங்க! சுவரைக் காட்டினா பின்னாடி பார்க்கலாம், தண்ணியைக் காட்டினா பின்னாடி பார்க்கலாம். பையைத் தூக்கிட்டு ஒருத்தன் வர்றானே, வந்தானா, வழியில விழுந்தானான்னு ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீங்களா? நீங்க பாட்டுக்கு..."

அவர் நிறுத்திவிட்டார்.

குருசாமி அவரைப் பார்த்தார்.

வைரவன் கல்லில் உட்கார்ந்தார். நில்டாவும் மற்றவர்களும் பேசிக்கொண்டே அவர்களைக் கடந்து போனார்கள்.

"இதை அவ ஒருநாளும் சொன்னதில்ல, குருசாமி" என்றார் வைரவன்.

"இல்ல."

"சொல்லியிருந்தா இப்படித்தான் சொல்லியிருப்பா."

"இவ்வளவு சத்தமா சொல்லியிருக்க மாட்டாங்க."

வைரவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவ முகம் நினைவிருக்கு. குரல் காதுலயே இருக்கு. கை நினைவிருக்கு. ஆனா அவ எப்படி நடப்பான்னு எனக்குத் தெரியலை. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், வரமாட்டேங்குது. முப்பத்தொரு வருஷம் என்கூட நடந்தவ. நான் ஒரு தடவைகூடப் பார்க்கலை."

குருசாமி கீழே கிடந்த பையை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"நீங்க கடைசியில வர்றவரு. பார்த்திருப்பீங்கல்ல?"

"பார்த்திருக்கேன்."

"எப்படி நடப்பா?"

"அக்காவுக்கு இடது முட்டியில வலி. திண்டுக்கல் தாண்டினா வீங்கிடும்."

வைரவன் நிமிர்ந்தார். "எத்தனை வருஷமா?"

"எனக்குத் தெரிஞ்சு பதினேழு வருஷம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேன்னாங்க."

"நான் என்ன சொன்னேனாம்?"

குருசாமி பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார். அது எந்த இரண்டு வார்த்தை என்று வைரவன் கேட்கத் தேவை இருக்கவில்லை.

மேகம் ஒன்று இறங்கி வந்து வீடுகளை மூடியது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு சுவராகத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போயிற்று.

"கோபமா சொன்னாளா?"

"சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. 'அவரு பிடரி தெரியுற வரைக்கும் எனக்கு வழி தப்பாது குருசாமி'ன்னாங்க."

வைரவன் தம் கையைக் கொண்டுபோய்ப் பிடரியில் வைத்துக்கொண்டார். அங்கே யாரோ தொட்டதுபோல இருந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"நடந்து காட்டுங்க, குருசாமி" என்றார். "உங்களுக்குப் புண்ணியமா போகும்."

குருசாமி எழுந்தார். பையை இடது தோளில் மாட்டினார். யோசித்து, வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார். பாதையில் வைரவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"நீங்க முன்னாடி போங்க" என்றார். "நான் பின்னாடி வர்றேன்."

அதே வாக்கியம், அதே சொற்கள். விடியற்காலை இருட்டும், டார்ச் வெளிச்சமும், தை மாதப் பனியும், அரோகரா சத்தமும் எல்லாம் அதற்குள் இருந்தன. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பழக்கம் போகுமா? நடக்கத் தொடங்கினார்.

முன்னால் பாதை இறங்கியது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

ஓர் அடி அழுத்தமாக விழுந்தது. அடுத்தது கல்லில் லேசாகத் தேய்ந்தது. மறுபடி ஓர் அழுத்தம், மறுபடி ஒரு தேய்ப்பு. நாலு அடிக்கு ஒரு நிறுத்தம், பையை ஏற்றிக்கொள்ள. பிறகு விட்ட தூரத்தைப் பிடிக்க மூன்று குட்டி எட்டுகள்.

இந்தச் சத்தம் வைரவனுக்குத் தெரியும். நத்தத்துச் சாலையிலும், திண்டுக்கல் புறவழியிலும், ஒட்டன்சத்திரத்து வெயிலிலும் இதுதான் பின்னால் வந்தது. முப்பத்தொரு வருஷம் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்த சத்தம்தான். அவர் வேகத்தைக் குறைத்தார். சத்தமும் குறைந்தது. அவர் நின்றார். பின்னால் அதுவும் நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது.

பாதையின் மறுகோடியில் இன்னொரு காவலர், கழுத்தில் விசிலோடு, இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குருசாமி" என்றார் வைரவன். கழுத்து விறைத்து முன்னாலேயே நின்றது. "ஒருவழிப் பாதை. திரும்பக் கூடாதுன்னு சொன்னாங்களே."

பின்னாலிருந்து பதில் வந்தது.

"திரும்பிப் போகத்தான் கூடாதுன்னாங்க. திரும்பிப் பார்த்தா யாரு விசில் அடிக்கப்போறா?"